கதவடைத்த தெருவில் வாசித்த சட்டம்

1958, மாசி மாதம். காலை ஆறு மணிக்கு வேலூரில் பஸ் ஏறினேன். கண்ணமங்கலம், போளூர் வழியாகத் திருவண்ணாமலை ஏறக்குறைய ஐம்பது மைல். டிக்கெட் ஒன்றரை ரூபாய். மடியில் ஒரு கட்டு அச்சுத்தாள். கடையிலும் கிணற்றிலும் தெருவிலும் எவரையும் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்குவது குற்றம் என்று சொல்லும் 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் சுருக்கம் அது. அதைக் கிராமம் கிராமமாக வாசித்துக் காட்டுவது என் உத்தியோகம். நானும் குடியாத்தம் பக்கத்துச் சேரியில் பிறந்தவன்தான். வெள்ளைச் சட்டையும் கைப்பையுமாகப் போகிறவனை வழியில் யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

ஒன்பதரைக்குத் திருவண்ணாமலை. அங்கிருந்து செங்கம் சாலையில் ஏழு மைல், பாஷா பாயின் ஜட்கா குதிரைவண்டியில். ஊரின் பெயரை எழுதப்போவதில்லை. நான் வந்துவிட்டேன், அங்கே ஒருவர் இனியும் குடியிருந்தாக வேண்டும்.

"அந்த ஊர்ல சத்தம் ஜாஸ்தி சார். சாலை வரைக்கும் கேக்கும்" என்றார் பாய். ஊரை நெருங்கியதும் வண்டியை நிறுத்திக் காது கொடுத்துக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை.

பதினொரு மணி. அந்த ஊர்ச் சேரியில் தண்டோரா போடும் முனியன் தெரு முனையில் பறையோடு காத்திருந்தார். நாற்பது வயதிருக்கும். இங்கே நின்று அடிப்பதுதான் வழக்கம், உள்ளே போனதில்லை என்றார்.

"இன்னிக்கு உள்ள போகணும்" என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். "சாருக்கு எந்த ஊருங்க?"

எதைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். "வேலூர்" என்றேன்.

உள்ளே போனோம். நாங்கள் வருவது தெரிந்துவிட்டது போலும், எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. ஒரு வாசலில் ஆட்டுக்கல்லில் மாவு பாதியில் நின்றிருந்தது. கொடியில் சேலை சொட்டிக்கொண்டிருந்தது. நாய்கூடக் குரைக்கவில்லை. முனியன் அடித்தார், நான் வாசித்தேன். ஒரு கதவுக்குப் பின்னால் வளையல் குலுங்கி, சட்டென்று நின்றது. என் குரல் சுவரில் பட்டு, வேறு யாரோ வாசிப்பதுபோல எனக்கே திரும்பி வந்தது.

டீக்கடையிலும் ஆள் இல்லை. அடுப்பில் பால் பொங்கித் தீயில் வழிந்தது. பால் முழுவதும் போய்விடும் போலிருந்தது. நான் திகைத்து நிற்க, முனியன் பறையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பானையை இறக்கினார். இறக்கிய பிறகுதான் எதைத் தொட்டோம் என்பது அவருக்கு உறைத்தது. தெரு முழுவதும், கதவுகளுக்குப் பின்னால், ஒரே மூச்சு உள்ளே இழுக்கப்பட்டதுபோல் இருந்தது.

கடைக்காரர் பின்கட்டிலிருந்து வந்தார். பானையைப் பார்த்தார்.

"பால் வீணாப் போவுதேன்னு எறக்கிட்டேங்க" என்றார் முனியன். குனிந்து பறையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"ரெண்டு டீ போடுங்க" என்றேன்.

ஓரத்து ஆணியில், சேரிக்காரர்களுக்கென்று ஒதுக்கிய ஒரு தகரக் குவளை தொங்கியது. கடைக்காரர் அதையும் என் கையிலிருந்த தாளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு உள்ளேயிருந்து இரண்டு பித்தளை டம்ளர் எடுத்தார். ஆற்றும்போதும் அவர் கண் எதிர்க் கதவுகள்மேலேயே இருந்தது.

முனியன் டம்ளரைத் தொடவில்லை. "நீங்க போயிடுவீங்க சார்" என்றார் மெதுவாக.

எனக்கு வெட்கமாக இருந்தது. கதவுகளுக்கெல்லாம் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்: "நானும் சேரியில பொறந்தவன்தான், முனியன். எனக்கு ஊர் குடியாத்தம் பக்கம்."

எங்கோ ஒரு தாழ்ப்பாள் விழுந்தது. கடைக்காரர் தலைகுனிந்துகொண்டார். முனியன் டம்ளரை எடுத்து நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தார். மிச்சத் தெருக்களுக்குத் தாமே போவதாகச் சொன்னார். மூன்று மணி பஸ்ஸை நினைத்து நானும் வண்டி ஏறிவிட்டேன்.

சாலை வரை பறை கேட்டுக்கொண்டே வந்தது. பிறகு, அடியின் நடுவிலேயே, நின்றது. பாய் குதிரையை இழுத்துப் பிடித்தார். இருவரும் காத்திருந்தோம். வெயிலில் மலை மட்டும் நின்றது.

"வண்டியத் திருப்புங்க பாய்."

முனியன் கடைசித் தெருவின் நடுவில் தனியாகக் குந்தியிருந்தார். வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்.

"தோல் தொய்ஞ்சி போச்சி சார். இன்னும் பாதித் தெரு பாக்கி இருக்குதே" என்றார்.

நானும் இறங்கிக் கூடவே நடந்து வாசித்தேன். அந்தத் தெருவிலும் ஒரு கதவும் திறக்கவில்லை. அவரை அடிக்க யாராவது வருவார்களோ என்று பொழுது சாயும்வரை அவர் வீட்டில் இருந்தேன், யாரும் வரவில்லை. மூன்று மணி பஸ் போய்விட்டிருந்தது.

கடைசி பஸ்ஸில் உட்கார்ந்தபோதுதான் நினைத்துப் பார்த்தேன். எத்தனையோ ஊர்த் தெருக்களில் சட்டம் வாசித்தவன், என் சொந்த ஊரில் மேல்சாதியார் குடியிருக்கும் மேலத்தெருவுக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அச்சுத்தாளோடு வருகிறேன் என்று மறுநாள் காலையில் அப்பாவுக்குக் கார்டு எழுதிப் போட்டேன்.