மூன்றாம் ஓலை

உயிர்த்தெழுந்தவர் எல்லாருக்கும் காட்சி தரவில்லை, தம்மோடு உண்டு குடித்த சிலருக்கு மட்டுமே தந்தார், அவர்களே சாட்சிகள் என்று வேதாகமத்தில் ஒரு வசனம் உண்டு. ஈஸ்டர் சமயம் கோயிலில் அதை வாசித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஊருக்கே ஒரு தடவை முகத்தைக் காட்டியிருந்தால் வம்பே இல்லையே! அதென்ன, கூடச் சாப்பிட்டவன் மட்டும் சாட்சி? வாயாடி என்று அம்மா தொடையில் கிள்ளுவாள்.

எனக்குப் பதினேழு வயதில் அண்ணன் குடகனாற்று வெள்ளத்தில் வண்டியோடு போனான். மாடுகள் கிடைத்தன, அவன் கிடைக்கவில்லை. ஆள் கிடைக்காவிட்டால் உடுப்பையாவது மண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். அவனுடைய நீலக்கோடு போட்ட சட்டையைப் பெட்டியில் வைத்துத் திண்டுக்கல் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். அந்தச் சட்டையின் மேல் பொத்தானை அவன் பெண்சாதி, என் மதினி, கறுப்பு நூலால் தைத்திருந்தாள்.

மதினி மட்டும் நம்பவில்லை. தினமும் அவன் பங்குக் கூழை மிச்சம் வைத்தாள். இரண்டு வருஷம் பொறுத்துவிட்டு, அவளைக் கேட்காமலேயே அவளுடைய அப்பா எரியோட்டில் மறுமணம் பேசி முடித்தார். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று. இரண்டு ஓலை முடிந்திருந்தது.

அந்த வாரம் எல்லாரும் கடலை பிடுங்கப் போய்விட்டார்கள். உச்சிவெயில், வீட்டில் நான் மட்டும். கொல்லையில் நாய் ஒருமுறை முனகிவிட்டு வைக்கோல் படப்புக்குள் புகுந்துகொண்டது. நிமிர்ந்தேன். அண்ணன் நின்றான்.

"ஏத்தா, பசிக்குது. கூழு இருக்கா?"

கத்தியிருக்க வேண்டும், கத்தவில்லை. வட்டிலில் கூழ் ஊற்றி, கருவாடு சுட்டு வைத்தேன்.

"நீயும் குடி" என்றான். எதிரே உட்கார்ந்து குடித்தேன். முள்ளை வட்டில் ஓரத்தில் வரிசையாக அடுக்கினான், எப்போதும்போல. அப்போதுதான் சட்டையைப் பார்த்தேன். நீலக்கோடு. மேல் பொத்தானில் கறுப்பு நூல்.

"மதினி எங்க?"

சொல்லிவிட்டேன், ஓலையையும் சேர்த்து. மடமடவென்று தண்ணீர் குடித்தான். "செத்த நேரத்துல வாரேன்" என்று எழுந்து போனான். பின்னாலேயே ஓடினேன். வெளியே வெறும் பொட்டல். கிணற்றடிவரை தேடித் திரும்பியபோது மதினி கடலைக்காட்டிலிருந்து வந்திருந்தாள். இரண்டு வட்டிலும் கழுவிக் கவிழ்த்தபடி கிடந்தன. அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மூன்றாம் ஞாயிறு சாமியார் ஓலையை வாசித்து நிறுத்தினார். மதினி திரும்பி என்னைப் பார்த்தாள். என்னத்தைச் சொல்ல? புதைத்த சட்டையோடு வந்து கருவாடு தின்றான் என்றா? பைத்தியம் என்று கட்டிப்போட்டிருப்பார்கள். அம்புட்டு வாய் பேசுகிறவள் அன்று ஊமையாக உட்கார்ந்திருந்தேன்.

கல்யாணம் நடந்தது. மதினிக்கு மூன்று பிள்ளைகள். அந்த எரியோட்டு மாப்பிள்ளையும் நல்ல மனிதர்தான். பல வருஷம் கழித்து ஒரு கல்லறைத் திருநாளில், சட்டைக் குழியில் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டே மதினி சொன்னாள்:

"முள்ளு ஓரமா அடுக்கியிருந்துச்சு. கழுவுனது நாந்தான்."

"நீங்களே எந்திரிச்சுச் சொல்லியிருக்கலாமே மதினி?"

"நான் வெறும் முள்ளத்தான பாத்தேன். கூட உக்காந்து குடிச்சவ நீ. நீ எந்திரிப்பேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன், புள்ள."