தையல் நேரத்தில் எரிமலை

நெடுந்தீவில் ஏறி நிற்க ஒரு மேடுகூட இல்லை. நிமிர்ந்து பார்ப்பதற்குப் பனையை விட்டால் வேறொன்றும் கிடையாது. அப்படிப்பட்ட ஊரில், பள்ளிக்கூடத்துப் பெட்டைப் பிள்ளைகளுக்கு எரிமலை படிப்பித்தே தீருவேன் என்று நின்றவள் ஞானசவுந்தரி. அவள் சாது, அடக்கமானவள் என்றெல்லாம் எழுதச் சொல்லி ஒருவரும் என்னைக் கேட்கவேண்டாம். அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பித்தவள் நான். எனக்குத் தெரியும்.

கடற்றொழில் செய்த பஸ்ரியாம்பிள்ளையின் மூத்த மகள் அவள். ஆசிரிய கலாசாலையில் படித்த காலத்தில் மலைநாட்டுக்குச் சுற்றுலா போனபோதுதான் முதன்முதலாக ஒரு மலையைக் கண்டாளாம். மற்றவர்கள் படம் பிடித்துக்கொண்டு நிற்க, இவளுக்குக் கோபம் வந்து கண்ணீரே வந்துவிட்டதாம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு மலை என்று காட்டியது கரும்பலகையில் கீறிய இரண்டு கோடுகள்தான். அந்தக் கோபம் ஆறாமலேதான் சொந்த ஊருக்குப் பூமிசாத்திரம் படிப்பிக்க வந்தாள்.

1966இல் எரிமலைப் பாடம் வந்தது. கோடு கீறிவிட்டுப் போக அவளுக்கு மனம் வரவில்லை. வகுப்பை அப்படியே கிளப்பி, இராயப்புவின் சுண்ணாம்புச் சூளைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கடற்கல்லையும் விறகையும் அடுக்கி எரிக்கிற சூளை அது. சூடு ஏறினால் கல்லும் சிவக்கும் என்று காட்டினாள். பெட்டைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

பார்த்ததோடு விட்டார்களா? தவணைப் பரீட்சையில் எழுதித் தள்ளிவிட்டார்கள். எரிமலை மூட்டுகிற விறகுக்குப் பனங்குற்றிதான் திறம் என்று ஒருத்தி. காற்றுப் பார்த்துத்தான் மூட்டவேண்டும் என்று இன்னொருத்தி. இராயப்புவின் மகள் றோஸ், "மாரி காலத்தில் எரிமலை வைப்பதில்லை" என்று முடித்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கல்வி அதிகாரி வந்து சேர்ந்தார். லோஞ்சுப் படகில் குமட்டலோடு வந்து இறங்கிய மனிதருக்கு இந்த விடைத்தாள்கள் நல்ல மருந்தாகப் போயின. கதிரையில் சாய்ந்து ஒவ்வொன்றாக வாசித்துச் சிரித்தார். பிறகு தலைமையாசிரியர் அரியநாயகத்தைப் பார்த்தார்.

"இந்தப் பெட்டையளுக்குப் பூமிசாத்திரம் ஏறாது, மாஸ்டர். வாற தவணையிலையிருந்து அந்த நேரத்துக்கும் தையலைப் போடும்."

"மலையே இல்லாத ஊரிலை எரிமலை என்னத்துக்கு எண்டு நானும் நினைச்சனான்," என்று அரியநாயகம் தலையை ஆட்டினார்.

"கொழும்புந்தான் இஞ்சை இல்லை, ஐயா," என்றாள் ஞானசவுந்தரி. "சோதினைக் கடுதாசி அங்கையிருந்துதானே வருது? சூளையைக் காட்டினது நான். பிழை என்ரை. அதுக்குப் பெட்டையளின்ரை பாடத்தை ஏன் பறிக்கிறியள்?"

அதிகாரி லோஞ்சுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பிப் போய்விட்டார். அந்தப் பெட்டைகள் அடுத்த வருடம் பெரிய பரீட்சை எழுத இருந்தவர்கள். ஒரு பாடம் குறைந்தால் ஆசிரிய கலாசாலைக்கு விண்ணப்பம் போடவும் ஏலாது. அது அவருக்கும் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

புதுத் தவணையின் முதல் தையல் நேரத்தில் ஞானசவுந்தரி ஒரு வாளியோடு என் வகுப்பு வாசலில் வந்து நின்றாள். வாளிக்குள் இராயப்புவின் சூளையில் சுட்ட கல்.

"உம்மடை நேரத்தை எனக்குத் தாரும்."

"தையல் நேரத்திலை தையல்தான் நடக்கவேணும். மேலிடத்துக் கட்டளை," என்றேன், சும்மா சீண்டிப் பார்க்க.

"அப்ப தைப்பம்," என்றாள்.

முதலில் பெட்டைகளை முற்றத்தில் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சுட்ட கல்லைப் பழைய பானையில் போட்டுத் தண்ணீரை ஊற்றினாள். சீறியது. ஆவி பறந்தது. வெள்ளைச் சேறு கொதித்து விளிம்பால் வழிந்தது.

"இப்ப ஆர் நெருப்பு வைச்சது?" என்று அதட்டினாள். பெட்டைகள் நின்ற இடத்திலேயே குனிந்து பானைக்கு அடியில் விறகு தேடினார்கள்.

"உடனை இதுதான் எரிமலை எண்டு எழுதிப்போடாதேயுங்கோ! எரிமலைக்குள்ளை சுண்ணாம்பு இல்லை. சூடு வர ஒருத்தர் கொளுத்தத் தேவையில்லை எண்டதை மட்டும் பிடிச்சுக்கொள்ளுங்கோ. பூமிக்குள்ளை சில இடத்திலை கல் உருகிக் கிடக்குது. அதுக்குள்ளை வாயு அடைபட்டுக் கிடக்குது. வழி கிடைச்ச இடத்தாலை வெடிச்சு வரும்."

பிறகு தைத்தோம். பஸ்ரியாம்பிள்ளையின் படகில் கட்டியிருந்த பழைய பாய்ச்சீலையை விரித்து, அதன்மேல் எரிமலையை உள்ளும் புறமுமாகத் தைத்தோம். உருகிய கல்லுக்கு என்னுடைய சிவப்புச் சேலை. அடுக்கடுக்காகப் படிந்த சாம்பல் படைக்குக் குடைச்சீலை. கற்படைக்குச் சாக்கு. ஒவ்வொரு படையையும் தைக்க முன்னர் அது எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். சொல்லாதவளுக்கு ஊசி கிடையாது. படைகளின் பெயர்களைச் சங்கிலித் தையலில் போட்டார்கள். என் பெட்டைகள் அவ்வளவு ஒழுங்காக அதற்கு முன்னர் தைத்ததே இல்லை.

தவணை முடிவில் தையல் கண்காட்சி பார்க்க அதே அதிகாரி வந்தார். தலையணை உறைகளைக் கடந்து வந்தவர் பாய்ச்சீலைக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"தையல், ஐயா," என்றேன். பொய் சொல்லவில்லையே!

அரியநாயகம் அவசரமாக யன்னலுக்கு வெளியே பார்த்தார். அதிகாரி பக்கத்தில் நின்ற றோஸிடம் பெயரைக் கேட்டார்.

"மாரியிலை எரிமலை வைக்காத பிள்ளை நீர்தானே? சொல்லும் பாப்பம், இதை ஆர் கொளுத்தினது?"

றோஸ் முன்னுக்கு வந்தாள். சிவப்புச் சீலையில் விரலை வைத்துக் கீழிருந்து மேலே கொண்டுபோனாள்.

"ஒருத்தரும் கொளுத்தேல்லை, ஐயா. உள்ளுக்கை கிடந்த சூடு. மேலை அடைச்சு வைச்சாலும் அது ஆறாது."

அதிகாரி இந்த முறை சிரிக்கவில்லை. ஞானசவுந்தரி அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"பாடத்தைத் திருப்பித் தாங்கோ, ஐயா. தராட்டி வாற தவணை பூமியதிர்ச்சி தைப்பம்."

பாடம் திரும்பி வந்தது, என்னுடைய நேரத்தை வெட்டிக்கொண்டு. வெட்டட்டும்! ஞானசவுந்தரி ஓய்வு பெற்றுவிட்டாள். இப்போது அதே வகுப்பில் பூமிசாத்திரம் படிப்பிக்கிறவள் றோஸ். மாரியிலும் எரிமலை வைக்கிறாள்.