ஊரார் பிறந்தநாள்

"மாஸ்டர், எழும்பிட்டீங்களோ? வீட்டில ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லைத்தானே? அப்ப நான்தான் முதல் ஆள். நல்லா இருங்கோ."

என் பிறந்தநாள் தோறும் காலை ஐந்தே முக்காலுக்கு இவ்வளவும் சொல்லிவிட்டு, மறுமொழிக்குக் காத்திராமல் தொலைபேசியை வைத்துவிடுவார் தங்கரத்தினம். பல் துலக்காத வாயோடு நான் நன்றி சொல்லத் தொடங்கும்போது அந்தப் பக்கத்தில் ஆள் இருக்காது. "ஆர், தங்கரத்தினம் அண்ணரோ? இந்த முறையும் எனக்கு முந்திட்டார்" என்று என் மனைவி குசினிக்குள்ளிருந்து சலித்துக்கொள்வாள்.

அதே நாள் பத்து மணிபோல் கேற்றடியில் சைக்கிள் மணி கேட்கும். கட்டையான, தோள் அகன்ற மனிதர். சாரத்துக்கு மேல் தோல் பெல்ட், கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சேட்டு. முன்கை இரண்டிலும் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள். சைக்கிள் பையிலிருந்து சின்னப் பிளாஸ்ரிக் டப்பா ஒன்றை எடுத்து நீட்டுவார். உள்ளே வட்டிலப்பம், முட்டையும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்து அவித்த இனிப்பு. ஏலக்காய் வாசம் மூடியைத் தாண்டி வரும். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் படகில் இளவயதில் சமையல்காரராக இருந்தபோது, கிண்ணியா முனீப் காக்கா கற்றுக்கொடுத்த பக்குவமாம். "சீனி வருத்தமெண்டா ஒரு கரண்டி. இல்லாட்டி முழுக்கச் சாப்பிடலாம். எழுபது தாண்டின ஆக்கள் டொக்டரைக் கேக்கத் தேவையில்லை."

உள்ளே வரச் சொன்னால் வரமாட்டார். "உங்கட குடும்பம் கொண்டாடட்டும். எனக்கு இன்னும் ரெண்டு இடம் இருக்கு" என்று சைக்கிளைத் திருப்பிவிடுவார். ரெண்டு இடமும் இராது. எனக்குத் தெரியும்.

கொப்பி கிடையாது, நாட்காட்டியில் குறிப்பதும் கிடையாது. எல்லாம் தலைக்குள்தான். உட்துறைமுக வீதித் தேநீர்க் கடைக்கு வருகிற ஓட்டோக்காரர், தெருத்தெருவாய்ப் பாண் விற்கிற வான்காரர், மீன் சந்தையில் ஐஸ் உடைக்கிற பெண்கள், வங்கிக் காவலாளி, எல்லோருடைய பிறந்த நாளும் அவருக்குப் பாடம். ஒருவரை இரண்டாம் முறை சந்தித்தால் ஊர், பேர் கேட்கிற மாதிரி அதையும் கேட்டுவிடுவார். கேட்ட திகதியை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்ப்பார். அதோடு பதிந்துவிடும்.

எங்கள் வயதில் பிறந்தநாள் கொண்டாடுகிற பழக்கத்தை எங்களுக்குத் தொற்றவைத்தவரும் அவர்தான். நான் ஓய்வுபெற்ற ஆசிரியன். ஆனந்தராசா தபால் கந்தோரில் முப்பத்தைந்து வருடம் கடிதம் பிரித்தவர், இப்போது வலது காது கேட்காது. பாயிஸ் துறைமுகத்துக்குப் போகும் வழியில் வலையும் கயிறும் விற்கிற கடைக்காரர். எங்களில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் பின்னேரம் நாலு மணிக்குத் தேநீர்க் கடைப் பின்மேசையில் ஒரு சின்னக் கேக். ஆனந்தராசாவின் எழுபத்திரண்டாவதில் ஒரு மெழுகுதிரியை அணைக்க மூன்று தரம் ஊத வேண்டியிருந்தது. மூன்றாவது ஊதலில் பொய்ப்பல் அசைந்து விழப் பார்த்தது. "எங்கட வீட்ல இதெல்லாம் கொண்டாடுறல்ல. ஆனா வட்டிலப்பம் என்ன பாவம் செஞ்சிச்சு?" என்று பாயிஸ் கரண்டியோடு உட்காருவார்.

தங்கரத்தினத்தின் பிறந்தநாள் ஆவணியில். அன்றைக்கு மட்டும் கடைக்கு வரமாட்டார். "அண்டைக்கு என்னை எதிர்பாக்காதேங்கோ. மகள் விடமாட்டாள். இறால் கறி, கணவாய்ப் பொரியல், பாயசம். விடியவே கோயிலுக்கு வேற கூட்டிக்கொண்டு போயிடுவாள்" என்பார். அடுத்த நாள் வந்து இறால் எவ்வளவு பெரிது என்று விரலை மடக்கிக் காட்டுவார். மகளின் பெயர் லோஜினி. அன்புவழிபுரத்தில் இருவரும் இருந்தார்கள். மருமகன் கட்டாரில். மனைவி இறந்துவிட்டார் என்றும், தான் நெடுங்காலம் வெளிநாட்டுக் கப்பல்களில் சமைத்தவர் என்றும், எட்டு வருடத்துக்கு முன் ஊருக்குத் திரும்பினார் என்றும் எங்களுக்குத் தெரியும். அதற்கு மேல் நாங்கள் கேட்டதில்லை.

கடந்த ஆவணியில் அவருக்கு எழுபது. வீட்டுக்கே போய் ஆச்சரியப்படுத்துவோம் என்று சொன்னவன் நான். இன்றுவரைக்கும் அந்த யோசனை என் வாயிலிருந்து வந்ததை நினைத்தால் காது சுடுகிறது.

பதினொன்றரைக்கு ஓட்டோவில் போய் இறங்கினோம். ஆனந்தராசாவின் மடியில் கேக் பெட்டி. "தங்கம் 70" என்று நீலக் கிறீமில் எழுத்து. முன் அறையில் தையல் இயந்திரத்தின் முன்னால் லோஜினி இருந்தாள். சுற்றிவரப் பாடசாலைச் சீருடை வெட்டிய வெள்ளைத் துணி. கழுத்தில் அளவு நாடா. எங்களைக் கண்டதும் எழும்பினாள், முகம் வெளிறிப் போயிற்று.

"பாயிஸ் நானா, அப்பாவுக்கு என்ன நடந்தது?"

"ஒண்டும் நடக்கல்ல மகள். ஏன்?"

"அவர் உங்களிட்டத்தானே வந்தவர்? விடிய எட்டரைக்கு வெளிக்கிட்டவர். வருசா வருசம் ஆவணியில இப்பிடி ஒரு நாள் போவார், சிநேகிதர்மாரோட சாப்பாடு எண்டு சொல்லி."

எனக்கும் பாயிஸுக்கும் அந்த நிமிடமே ஏதோ விளங்கிற்று. கேளாத காதை அவள் பக்கம் வைத்திருந்த ஆனந்தராசாவுக்கு விளங்கவில்லை. பெட்டியை மேசையில் வைத்து மூடியைத் திறந்தவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளை, நீ வருசா வருசம் அப்பாவின்ர பிறந்தநாளுக்கு வைக்கிற இறால் கறியைப் பற்றி அவர் சொல்லாத நாளில்லை. இண்டைக்கு நாங்களும் ஒரு கை பாப்பம் எண்டு வந்தனாங்கள்."

லோஜினி கேக்கைப் பார்த்தாள். நீல எழுத்தை ஒவ்வொன்றாக வாசிப்பதுபோல் அவள் கண் நகர்ந்தது. "இண்டைக்கோ" என்று தனக்குள் சொன்னது எனக்குக் கேட்டது. பிறகு நிமிர்ந்து, மிகவும் இயல்பாக, "ஓம் ஐயா. இந்த முறை நல்ல இறால் கிடைக்கேல்லை. இருங்கோ, அப்பா வந்திடுவார்" என்றாள்.

அப்போதே எழும்பியிருக்க வேண்டும். எழும்பினால் எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று நினைத்தோம். இருந்தால் இன்னும் மோசம். குசினிக்குள் அரிசி களையும் சத்தம் கேட்டது. இன்னும் மூன்று பேருக்கு அவள் உலை வைத்தாள். நாங்கள் வெள்ளைத் துணிக் குவியல்களுக்கு நடுவில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

ஒரு மணிக்குத் தங்கரத்தினம் வந்தார். வாசலில் எங்கள் செருப்புகளைக் கண்டு நின்றார். தன் செருப்பைக் கழற்ற அவருக்கு அவ்வளவு நேரம் எடுத்திருக்கத் தேவையில்லை. உள்ளே வந்ததும் ஆனந்தராசா மட்டும் தனிக் குரலில் வாழ்த்துப் பாடத் தொடங்கினார். நாங்கள் பாதியில் சேர்ந்துகொண்டோம். தங்கரத்தினம் எங்களில் ஒருவரையும் பார்க்கவில்லை, குசினி வாசலில் நின்ற மகளையே பார்த்தார்.

"வாங்கோ அப்பா. இறால் கிடைக்கேல்லை எண்டு சொன்னனான். முட்டைதான் பொரிச்சிருக்கு" என்றாள் அவள்.

கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்கு, பிடித்தவரே பரிந்து பேசினால் எப்படியிருக்கும்? அந்த முகம் அவருக்கு வந்தது. கத்தியை வாங்கிக் கேக்கை வெட்டினார். முதல் துண்டை மகளின் பக்கம் நீட்டினார். வாய்க்குக் கொடுக்கவா, கையில் கொடுக்கவா என்று தெரியாமல் கை நடுவழியில் நின்றது. அவள் ஒரு பீங்கானை நீட்டி அதில் வாங்கிக்கொண்டாள்.

இறுக்கத்தைத் தளர்த்தத்தான் பாயிஸ் கேட்டார். அவரில் பிழை சொல்ல ஏலாது. "மகள், ஒங்கட வாப்பாக்கு ஊர்ல எல்லார்ட பொறந்த நாளும் பாடம். எண்ட பேத்திட திகதிய நான் மறந்திட்டு இவர்கிட்டத்தான் கேட்டறியிற. தங்கம், மகள்ட எப்ப? அதுக்கும் நாங்க வாறம், கேக்கோட."

தங்கரத்தினம் வாயைத் திறந்தார். "மாசி..." என்று தொடங்கி மகளைப் பார்த்தார். இறாலுக்குக் கைகொடுத்தவள் இதற்குக் கைகொடுக்கவில்லை. பீங்கானைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள். கோபமாகக்கூட இல்லை. பள்ளிக்கூடத்தில் விடை தெரியாத பிள்ளையை நான் எத்தனையோ தரம் அப்படி எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். மற்றப் பிள்ளைகள் எல்லாம் தரையைப் பார்ப்பார்கள். நாங்களும் தரையைப் பார்த்தோம்.

"தெரியாது" என்றார். பிறகு, ஆனந்தராசாவுக்கும் கேட்கவேண்டும் என்பதுபோல் உரத்து, "எனக்கு என்ர மகளின்ர பிறந்தநாள் தெரியாது, பாயிஸ்" என்றார்.

கதிரையில் இருந்து, கையில் கத்தியைப் பிடித்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். லோஜினி வயிற்றில் இருக்கும்போது கொழும்புக்குப் போனவர், கப்பல் ஏறுவதற்காக. அங்கே வேறொரு பெண்ணோடு இருந்துவிட்டார். துறைமுகத்திலிருந்து முனீப் காக்கா தொலைபேசி எடுத்து, "ஒனக்குப் பொம்புளப் புள்ள பொறந்திருக்கு" என்று சொன்னார். "எப்ப எண்டு ஒரு சொல்லுக் கேக்கேல்லை நான். சரி எண்டு சொல்லி வைச்சிட்டன். அடுத்த கிழமை கப்பல் ஏறினனான்." கப்பல் விட்டு இறங்கினால் கொழும்பு, மறுபடி கப்பல். மனைவி இறந்து முப்பத்தோராம் நாள் காரியமும் முடிந்த பிறகுதான் இந்த வாசலுக்கு வந்தார். அப்போது லோஜினிக்கு வயது இருபத்தாறு. "பக்கத்து அறையில இருங்கோ எண்டு சொன்னாள். வேற ஒண்டும் கேக்கேல்லை. அப்பா எண்டும் கூப்பிடுறாள். அதுக்குப் பிறகு, நீ எப்ப பிறந்தனி எண்டு எந்த முகத்தோட கேக்கிறது?"

"ஐடென்ரி காட் நம்பரைப் பாத்தாலே நாள் பிடிபடுமே" என்று ஆனந்தராசா மெல்லச் சொன்னார்.

"அந்த மேசையிலதான் கிடந்தது, எத்தினையோ நாள். களவாப் பாத்து வைச்சுக்கொண்டு வாழ்த்துச் சொல்லவோ? மனம் வரேல்லை." ஆவணியில் தன் நாளன்று இறக்கக்கண்டிக்குப் பஸ்ஸில் போய், பாலத்தடியில் நின்று படகுகள் வந்துபோவதைப் பார்த்துவிட்டு, மத்தியானம் திரும்பி வருவாராம். எட்டு வருடமும் அப்படித்தான்.

லோஜினி எங்கள் பீங்கான்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். "சோறு ஆறுது, சாப்பிடுங்கோ" என்றாள். திகதியைச் சொல்லவில்லை. முட்டைப் பொரியலும் பருப்பும் நன்றாகத்தான் இருந்திருக்கும். எனக்கு ருசி நினைவில்லை.

திரும்பி வரும்போது ஓட்டோவில் பாயிஸ், "நான் கேட்டிருக்கப்படா" என்றார். "கூட்டிக்கொண்டு போனது நான்" என்றேன்.

அதன்பின் தங்கரத்தினம் கடைக்கு வரவில்லை. பாண் வான்காரரின் பிறந்தநாள் போயிற்று, அழைப்பு இல்லை. புரட்டாதியில் என் மனைவியின் பிறந்தநாள். ஆறு மணிவரை தொலைபேசியைத் தலையணையடியில் வைத்திருந்தவள், "அண்ணருக்குச் சுகமில்லையோ, ஒருக்காப் போய்ப் பாருங்கோவன்" என்றாள். அவளுக்கு நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஒரு ஆசிரியன், எழுபது வயது மனிதனை அவன் மகளுக்கு முன்னால் பரீட்சைக்கு நிறுத்திவிட்டு வந்ததை மனைவியிடம் எப்படிச் சொல்வது?

போனேன். வீட்டுக்குப் பின்னால், கிணற்றடியில், தோய்த்த வெள்ளைத் துணிகளைக் கொடியில் விரித்துக்கொண்டிருந்தார். மெலிந்திருந்தார். மன்னிப்புக் கேட்க வந்தேன் என்றேன்.

"நீங்கள் ஏன் மாஸ்டர் கேக்கிறீங்கள்? நான் கட்டின பொய். ஒரு நாளைக்கு அவிழும்தானே." ஒரு சட்டையை உதறினார். "ஏசியிருந்தா நல்லம். வழமை மாதிரித்தான் இருக்கிறாள். தேத்தண்ணி தாறாள், சோறு போடுறாள். எனக்கு அவளின்ர முகத்தைப் பாத்துச் சாப்பிட ஏலாமக் கிடக்கு. ஊருக்கு எல்லாம் போன் அடிச்சுத் திரிஞ்சனே, அதை நினைச்சாலும் கூசுது."

"திகதியை இன்னும் கேக்கேல்லையோ?"

இல்லை என்று தலையாட்டினார். நானும் புத்தி சொல்லவில்லை. அந்த வீட்டுக்குப் போவோம் என்று முன்பு நான் சொன்ன யோசனையே போதும்.

நான் இடைக்கிடை எழுதுகிற சஞ்சிகைக்கு உங்களைப் பற்றி எழுதலாமா என்று தயங்கிக் கேட்டேன். வேறு பெயர் போடுகிறேன் என்றும் சொன்னேன். வாளியில் கிடந்த கடைசித் துணியைப் பிழிந்தபடி யோசித்தார். "எழுதுங்கோ. என்ர பேரையே போடுங்கோ. இறால் கதை சொன்னது இந்த வாய்தானே." பிறகு கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, "வாங்கோ" என்று முன்னால் நடந்தார். என்னை வழியனுப்பத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

முன் அறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதன் எதிரே போய் நின்றார். நான் வாசலில் நின்றுவிட்டேன்.

"பிள்ளை" என்றார். திரும்பவும், "பிள்ளை, நீ எப்ப பிறந்தனி?"

இயந்திரம் நின்றது. லோஜினி தலை நிமிரவில்லை. ஊசிக்குக் கீழே இருந்த காலர்த் துணியை விரலால் நீவிக்கொண்டே சொன்னாள்.

"மார்கழி பதினொண்டு. திங்கட்கிழமை. விடிய ஆறரைக்கு. சரியான மழையாம். ஓட்டோ ஒண்டும் வராமல், அம்மாவை ட்ரக்டர் பெட்டியிலதான் ஆசுப்பத்திரிக்கு ஏத்தினவையாம். மாமாதான் குடை பிடிச்சவர்."

லோஜினி பக்கத்துக் கதிரையில் குவிந்திருந்த தைத்த சட்டைகளை அள்ளித் தன் மடியில் வைத்தாள். கதிரை வெறுமையாயிற்று. அதை அவர் பக்கம் காலால் மெல்லத் தள்ளிவிட்டாள்.

அவர் அதில் உட்காரவில்லை. கதிரையின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, நின்றுகொண்டே இருந்தார்.