நேராக வரைந்த முக்கோணம்

நீடாமங்கலத்துப் பள்ளி ஒன்றில் பதினெட்டு வருஷமாகக் கணக்கு நடத்துகிறார் ரெமிஜியஸ். தினமும் தஞ்சாவூரிலிருந்து காலை ரயிலில் வந்து இறங்குவார். ஸ்கேல் இல்லாமல் கோடு இழுத்தாலும் இம்மி பிசகாது. அவருடைய முக்கோணங்கள் எல்லாம் ஒரு பக்கத்தைத் தரையில் ஊன்றி உட்கார்ந்திருக்கும். பிள்ளைகளும் அப்படியே பார்த்துப் பழகியிருந்தார்கள்.

அரையாண்டுத் தேர்வில் கூத்தாநல்லூர் இர்ஃபானா வினாத்தாளைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். விடையை அதில் எழுதிப் பின்பெஞ்சுக்குக் காட்டுகிறாள் என்று நினைத்து அவளை முன்வரிசைக்கு மாற்றினார். "இன்னொரு தரம் திருப்புன, வெளிய போயிடணும்."

அவள் எடுத்தது முப்பத்தொன்று. தேற முப்பத்தைந்து வேண்டும். எட்டு மதிப்பெண் வடிவியல் கணக்கின் இடம் காலியாகக் கிடந்தது. பொதுத்தேர்வுக்கு மூன்று மாதம்கூட இல்லை.

"ஏம்மா, இதைத் தொடவே இல்ல?"

"படம் சாய்வா இருந்துச்சு சார். பேப்பரைத் திருப்பினாத்தான் எனக்குப் புரியும். நீங்கதான் விடலையே."

திருப்பவே வேண்டாம் என்று காட்ட, கரும்பலகையில் ஒரு செங்கோண முக்கோணத்தைச் சாய்வாக வரைந்து, செங்கோண முனையிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குக் குத்துக்கோடு இறக்கினார். உள்ளே ஒரே வடிவத்தில், வேறு வேறு அளவில் இரண்டு சின்ன முக்கோணங்கள். எந்தப் பக்கத்துக்கு எது ஜோடி என்று தேடும்போது, அவர் தலை தானாகச் சாய்ந்தது.

"சார், கழுத்து சுளுக்கிக்கும்!" என்றாள் பின்பெஞ்சிலிருந்து சான்ட்ரா. வகுப்பே சிரித்தது.

தலையை நிமிர்த்திக்கொண்டு ஒரு ஜோடியைச் சொன்னார்.

"இல்ல சார்," என்றாள் இர்ஃபானா. அவள் நோட்டு தலைகீழாக இருந்தது. "அதுக்கு ஜோடி குத்துக்கோடு."

பார்த்தார். அவள் சொன்னதுதான் சரி.

"நான் மனப்பாடமாவே நடத்திட்டேன் போல," என்றார். "உன்னை அன்னிக்கு மிரட்டினது தப்பும்மா."

ஆனால் பொதுத்தேர்வுக்கு வேறு பள்ளி ஆசிரியர்தான் கண்காணிக்க வருவார். தாள் சுழன்றால் அவரும் சந்தேகப்படுவார். அதனால் தாளை அசைக்காமல், சின்ன முக்கோணங்களை ஓரத்தில் நேராக நிமிர்த்தி வரையப் பழக்கினார். முதல் வாரம் இர்ஃபானா இடம்வலம் மாற்றி வரைந்தாள். காகிதத்தில் வெட்டிக் கொடுத்தார். மேஜைமேல் சுழற்றிப் பார்த்துவிட்டு வரைந்தாள். பிறகு வெட்டிய காகிதத்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

திருப்புதல் தேர்வில் அவள் தாள் அசையவில்லை. ஓரத்தில் இரண்டு முக்கோணங்கள், எழுத்துகள் எல்லாம் அதனதன் இடத்தில். எட்டுக்கு ஏழு போட்டார்.

"ஒண்ணு எங்க சார்?"

"செங்கோணத்தைக் குறிக்கல."

"அது கேள்வியிலேயே இருக்கே சார்!"

"இருந்தாலும் குறிக்கணும்."

மொத்தம் நாற்பத்தொன்று. உதட்டைச் சுழித்துக்கொண்டே விடைத்தாளை வாங்கிப் போனாள்.