வராளி மட்டும் பாக்கி

இந்த ஜனவரியில் நான் ஹைதராபாத் போனது சார்மினார் பார்க்க அல்ல, ஒரு கீர்த்தனையைக் கேட்க. காவிரிக் கரையில் வாழ்ந்த மகான் இயற்றிய ஐந்து பெரிய கீர்த்தனைகளில் நான்கை என் மனைவி கமலி எனக்குக் கற்றுத்தந்தாள். வராளி ராகத்தில் உள்ளதை மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள். வராளியை நேரடியாகச் சொல்லிக்கொடுத்தால் குருவும் சீடனும் பிரிந்துவிடுவார்கள் என்பது பாட்டுக்காரர்களின் நம்பிக்கை. “எங்க ஹைதராபாத்துல நடக்குற அவரோட ஆராதனைக்குக் கூட்டிட்டுப் போறேன். கோஷ்டியில உக்காந்து காதால கேட்டுக் கத்துக்கோங்க” என்பாள். நான் கேலி செய்வேன். போன ஆடியில் அவள் கண்மூடிவிட்டாள். வராளி சொல்லித்தராமலேதான் பிரிந்தோம்.

காலை ஏழே காலுக்குச் செகந்திராபாத்தில் இறங்கினேன். ஆராதனை நடக்கும் லோத்குண்டா எட்டு கிலோமீட்டர், ஆட்டோவுக்கு இருநூற்று இருபது ரூபாய். “அகேலே ஆயே க்யா, சாப்?” என்றார் ஓட்டுநர். தனியாகவா வந்தீர்கள் என்கிறார். “ஹவ்” என்றேன், ஆமாம் என்பதற்கு அந்த ஊர்ச் சொல். அதுவும் கமலியிடம் கற்றதுதான்.

ஒன்பது மணிக்குத் தொடங்கினார்கள். நாட்டை, கௌளை, ஆரபி மூன்றையும் கூடவே பாடினேன். நான்காவது வராளி. நூறு பேர் பாட, நான் மட்டும் வாய்மூடி உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு கூட்டத்தில் அவ்வளவு தனியாக நான் இருந்ததே இல்லை. ஒரு வரிகூட மனதில் நிற்கவில்லை. பாட்டையா கேட்டேன், அவள் குரலைத் தேடிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் கமலியின் பள்ளித்தோழி விஜயா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அங்கே ரயில்வே காலனியில் வளர்ந்தவர், ‘வேண்டாம்’ என்பதற்கு ‘நக்கோ’ என்பார்.

“நக்கோண்ணா, அழாதீங்க. வராளி மனசுல நின்னுச்சா?”

“இல்லம்மா.”

“நிக்காதுன்னு அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியிலேர்ந்து பாடிப் பதிவு செஞ்சு எனக்கு அனுப்பினா. அவர் தனியா வந்தா மட்டும் குடுன்னு சொன்னா.”

என் போனுக்கு அனுப்பினார். பதினொரு நிமிடம்.

போக நினைப்பவர்கள் எட்டரைக்கே போய்விடுங்கள், முன்னால் இடம் கிடைக்கும். தரையில்தான் உட்கார வேண்டும், முட்டிவலிக்காரர்கள் முன்கூட்டியே நாற்காலி கேட்டு வையுங்கள். பாடத் தெரியாவிட்டாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். முடிந்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.

ஊர் திரும்பி மூன்று வாரமாகிறது. இதுவரை முதல் வரி மட்டும்தான் கேட்டிருக்கிறேன். முழுதும் கற்றுவிட்டால், அவளிடம் கற்க எனக்கு வேறெதுவும் இருக்காது.