காதர் பாய் பயந்து பயந்து செய்த கூடாரம்

திண்டுக்கல்லிலிருந்து வந்த முதல் பஸ்ஸில் இறங்கிய பேச்சியம்மாள்தான் சொன்னாள்: "நம்ம குடைக்கடை பாய் தவறிட்டாராம், டீச்சர்." கேட்டதும் நான் செய்த முதல் காரியம், தாழ்வாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்ததுதான். அழுகை அப்புறம்தான் வந்தது. காதர் பாயைத் தெரிந்தவர்களுக்கு இது ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

திண்டுக்கல் கடைத்தெருவில் அவரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளி கிடையாது. குதிரை வண்டிக்காரர் நின்று கையைக் காட்டினால்தான் சாலையைக் கடப்பார். கடையைப் பூட்டி வீடு வரை போய்விட்டு, பூட்டினோமா என்று பார்க்கத் திரும்பி வருவார். குடை விற்கிறவர் இடிச்சத்தத்துக்கு நடுங்கலாமா என்று முகத்துக்கு நேரே கேலி செய்திருக்கிறேன். அவரும் சிரிப்பார். பயம் மட்டும் போகாது.

வடமதுரைப் பக்கம் காட்டுவேலைக்குப் போகும் பெண்களின் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கடலை பிடுங்கும் காலத்தில் வேலை காடு காடாக நகரும்; பிள்ளைகளோடு நானும் பின்னாலேயே போவேன். தூளி கட்ட ஒரு மரம் இருக்காது. ஒருநாள் வரப்பில் படுத்திருந்த பிள்ளையின் காலோரம் தேள் ஊர்ந்து போவதைப் பார்த்தேன். கொட்டவில்லை. ஆனால் பொழுது சாயும் வரை நான் பிள்ளைகளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் மகள் செல்வியும் அந்த வரிசையில்தான் கிடந்தாள், தவழப் பழகாத குழந்தை. மறுநாளே பாயிடம் போய், குடை மாதிரி விரித்து மடக்கிக் கொண்டுபோக ஒரு சின்னக் கூடாரம் செய்து தர முடியுமா என்று கேட்டேன்.

முடியவே முடியாது என்றார். "குடை கெட்டா நனைவாக, அம்புட்டுத்தான். இதுக்குள்ள உசிருல்ல கிடக்கும், தங்கச்சி."

ஆனாலும் செய்தார். குடைக்கம்பிகளை வளைத்து, மேலே கொசுவலை போர்த்தி, எதுவும் உள்ளே நுழையாதபடி அடியில் கித்தானோடு சேர்த்துத் தைத்தார். கம்பி முனை கண்ணில் குத்துமோ என்று பஞ்சு வைத்துக் கட்டினார். கயிறு கழுத்தில் சுற்றுமோ என்று கயிற்றை எடுத்துவிட்டுப் பொத்தான் வைத்தார். பொத்தானை விழுங்கிவிடுமோ என்று அதையும் பிய்த்துப் போட்டு, ஓரத்தை மடித்துச் செருகும்படி வைத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. பிள்ளைக்குக் கல்யாணமாகும் முன்னாவது தருவீர்களா என்று கேட்டேன்.

கூடாரங்கள் வந்தபின் எல்லோருக்கும் நிம்மதி, அவர் ஒருவரைத் தவிர. ஒரு மத்தியானம் பஸ் ஏறிப் பார்க்க வந்துவிட்டார். நல்ல வெயில். செல்விக்கு வேர்த்துக் கொட்டுகிறதே என்று, கடலை பிடுங்க வந்திருந்த பேச்சியம்மாள் தன் சின்னாளப்பட்டிச் சேலையைக் கிணற்றில் நனைத்து, அவள் கூடாரத்தின் மேல் போர்த்திவிட்டுப் போயிருந்தாள். தூளிக்கு மேல் ஈரச்சேலை போடுவது எங்கள் பக்கத்துப் பழக்கம். அவள் போடாவிட்டால் நானே போட்டிருப்பேன். ஆனால் தூளியில் காற்றாடத் தொங்கும் சேலை, வலைமேல் நாலா பக்கமும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

தூரத்திலேயே பாய் நின்றுவிட்டார். "காத்து எங்கிட்டுப் போகும்?" என்று கேட்டார். பிறகு ஓடினார். அவர் ஓடி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சேலையைச் சுருட்டி எறிந்து, வலையைக் கிழித்துப் பிள்ளையைத் தூக்கி என் கையில் போட்டார். உதடு கறுத்திருந்தது. தலை துவண்டு தொங்கியது. நான் கூப்பிட்டேன், உலுக்கினேன், முதுகில் தட்டினேன். காட்டில் ஒரு சத்தமில்லை. கடைசியில் செல்வி அழுதாள். பாய் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள். "நீ என்னத்தா செஞ்ச?" என்றார். "வெயிலடிச்சா ஆத்தாக்காரி சேலையைப் போடத்தான் செய்வா. போட்டாலும் காத்து வாரது மாதிரி நாந்தான் செஞ்சிருக்கணும்."

அன்றே எல்லாக் கூடாரங்களையும் வாங்கிக்கொண்டு போனார். வலைக்கு மேலே ஒரு சாண் தள்ளி இன்னொரு வரிசைக் கம்பி வைத்தார். சேலை அதன்மேல் நிற்கும். கீழே நாலு பக்கமும் காற்று ஓடும். கடை வாசலில், வெயிலில், ஈரச்சேலையைப் போட்டுத் தன் தலையை உள்ளே விட்டுக்கொண்டு படுத்துக் கிடந்தார். தெருவே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு என்னை எங்கே பார்த்தாலும் சௌக்கியம் விசாரிக்க மாட்டார். "செல்வி நல்லா மூச்சு விடுறாளா?" என்றுதான் கேட்பார். அவள் பள்ளிக்கூடம் போன பிறகும் அதே கேள்விதான்.

சேதி கேட்டதும் செல்வியையும் பேச்சியம்மாளையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் வெள்ளைத் துணியால் தலை வரை மூடிக் கிடத்தியிருந்தார்கள். என்னை அறியாமல் என் கை அந்தத் துணியை நோக்கிப் போய்விட்டது. வெட்கப்பட்டுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அவர் மனைவி பார்த்துவிட்டார். குனிந்து, தானே துணியைக் கழுத்து வரை மடித்துவிட்டார். "இருக்கட்டும்மா. எடுக்குற வரைக்கும் இப்படியே இருக்கட்டும். அவுகளுக்கு முகத்தை மூடுனா ஆகாது."

அவரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்தப் பயம்தான். அதை நான் விடப்போவதில்லை. செல்வி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றாள். அவள் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் நின்றேன்.