தரையில் படக்கூடாத பந்து

"பையக் கீழ வெய்யிங்கக்கா, கை நோவப்போவுது," என்றான் ராபர்ட்சன்பேட்டை கறிக்கடைக்காரன். ஆட்டுக்கொழுப்பின் வீச்சம் மூக்கில் ஏறியதுமே பையை நான் மார்போடு இறுக்கிக்கொண்டிருந்தேன்.

நான் பள்ளியில் படித்த காலத்தில், பாலகாட் தங்கச் சுரங்கத்தில் எங்கள் ஷாஃப்டுக்கென்று ஒரு புட்பால் டீம் இருந்தது. அப்பா கோல்கீப்பர். தோல் பந்துக்குக் கொழுப்பு தேய்ப்பது என் வேலை என்பதால் என் பள்ளி நோட்டெல்லாம் அதே வீச்சம். காலை ஷிப்ட் முடித்து, காதோரம் சுரங்கத் தூசியோடு ஆட வருவார்கள். ஆட்டத்தின் நடுவே பூமி குலுங்கினால் எல்லோரும் ஆட்களின் கூண்டைச் சுரங்கத்துக்குள் ஏற்றி இறக்கும் ஷாஃப்டின் உச்சிச் சக்கரத்தைத்தான் பார்ப்பார்கள். அது சுற்றினால் ஆட்டம் தொடரும், நின்றால் கீழே பாறை வெடித்து ஆட்கள் மாட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்போது பந்தை யாராவது கையில் ஏந்தி நிற்க வேண்டும். அது தரையில் பட்டால் கீழே இருப்பவர்களுக்கு ஆகாது என்பார்கள்.

ஒரு நாள் சக்கரம் நின்றது. அப்பா பந்தை என்னிடம் தந்தார்.

"இன்னாண்ணா, உன்னவிட உம்பொண்ணு நல்லா புடிக்குது," என்றார் பின்வரிசையில் பேக் ஆடும் மாமா.

"கீழ வெச்சிடாதம்மா. தோ வந்துடறேன்," என்றார் அப்பா.

மாட்டியவர்களை மீட்க, பூட்ஸைக்கூடக் கழற்றாமல் டீமே கூண்டில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் பூமி மறுபடியும் குலுங்கியது.

மூன்றாம் நாள் அப்பாவை அதே பூட்ஸோடு மேலே கொண்டுவந்தார்கள். டீம் அதற்குப்பிறகு ஆடவில்லை, நானும் பள்ளிக்கூடம் போகவில்லை. மைதானத்தில் இப்போது முள்செடிதான்.

குலுக்கம் இரண்டாம் முறை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், கை வலிக்கிறதென்று பந்தை ஒரே ஒரு தடவை கீழே வைத்தேன். இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

"பரவால்லப்பா," என்றேன் கடைக்காரனிடம், "நானே புடிச்சிக்கறேன்."